நைஜீரியப் பட்டதாரி ஒருவரின் சான்றிதழ்களை எப்படிப் படிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் நைஜீரிய மெக்கானிக்கல் பட்டதாரி ஒருவர் 2013-ல் பள்ளி முடித்திருக்கிறார். அவரிடம் பள்ளிச் சான்றிதழ் இரண்டு இருக்கின்றன, அதுவும் வேறு வேறு ஆண்டு, வேறு வேறு வாரியம். மத்திய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2016/17-ல் சேர்ந்திருக்கிறார். ஐந்தாண்டுப் படிப்பை 2023-ல்தான் முடித்திருக்கிறார். 2024 வரை சொல்லிக்கொள்ளும்படி வேலை எதுவும் இல்லை. சிஜிபிஏ 5-க்கு 3.62. "அரியர் வைத்து இழுத்தடித்த ஆளா, இல்லை தாள்களே போலியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன எதுவும் சந்தேகத்துக்குரியது இல்லை. மத்திய அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டுகளில் படித்த நைஜீரியரின் கோப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 2016/17-ல் சேர்ந்து சரியாக 2021-ல் முடித்ததாக ஒரு தாள் வந்திருந்தால்தான் நான் இன்னொரு முறை உற்றுப் பார்த்திருப்பேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பள்ளிச் சான்றிதழில் தொடங்கலாம். அங்கே பள்ளி 12 ஆண்டு. கடைசியில் எழுதுவது மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் கழகத்தின் தேர்வு. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, 'வயெக்' என்பார்கள். நைஜீரியா, கானா, சியரா லியோன், லைபீரியா, காம்பியா ஆகிய ஐந்து நாட்டுக்கும் பொதுவான கழகம் அது. 1999-ல் நைஜீரியா தனக்கென்று 'நீகோ' என்று இன்னொரு வாரியமும் தொடங்கியது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இரண்டிலும் நம்மூர் மாதிரி மொத்த மதிப்பெண் என்று ஒன்று இருக்காது. பாடத்துக்குப் பாடம் ஏ1 முதல் எஃப்9 வரை தரம் மட்டும் இருக்கும். ஏ1-லிருந்து சி6 வரை 'கிரெடிட்'. டி7-உம் இ8-உம் தேர்ச்சிதான், ஆனால் பல்கலைக்கழக வாசலில் அவை செல்லாது.

பல்கலைக்கழகம் கேட்பது ஐந்து கிரெடிட். பொறியியல் என்றால் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், கூடவே இன்னொரு பாடம். இதை ஒரே தேர்வில் வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை, இரண்டு முறை எழுதியதைச் சேர்த்துக் காட்டலாம். 'டூ சிட்டிங்ஸ்' என்று அதற்குப் பெயர். வயெக்கில் நாலு பாடம் நன்றாக வந்து கணக்கில் மட்டும் டி7 வாங்கியவர், அடுத்த ஆண்டு நீகோ எழுதிக் கணக்குக்கு சி5 வாங்கினால் கோப்பு முழுமையாகிவிடும். உங்கள் விண்ணப்பதாரர் செய்திருப்பது இதுதான். மருத்துவம் மாதிரியான படிப்புகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஒரே சிட்டிங் வேண்டும் என்று கறாராக நிற்பதுண்டு, பொறியியலுக்குப் பெரும்பாலும் அந்தக் கெடுபிடி இல்லை. மூன்று சான்றிதழ்களைக் கூட்டிக் கணக்குக் காட்டியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

அடுத்தது 2013-க்கும் 2016-க்கும் இடையே உள்ள இடைவெளி. இதற்குக் காரணம் 'ஜாம்ப்' எனப்படும் கூட்டுச் சேர்க்கை வாரியம். 1978-க்கு முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தேர்வு வைத்துத் தானே சேர்த்துக்கொண்டது. கெட்டிக்கார மாணவன் கையில் மூன்று இடம் இருக்கும், இன்னொருவனுக்கு ஒன்றும் இருக்காது, வகுப்பு தொடங்கிய பின்னும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஜாம்ப் வந்தது. இப்போது பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், ஆசிரியர் கல்லூரி எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவுத்தேர்வு. நாலு பாடம், ஆங்கிலம் கட்டாயம். ஆங்கிலத்தில் 60 கேள்வி, மற்ற மூன்றிலும் தலா 40, ஆக 180 கேள்விகளை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 400 மதிப்பெண். 2015 முதல் முழுக்கக் கணினியில்தான் நடக்கிறது.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் எழுதுகிறார்கள். இடம் கிடைப்பது பாதிப் பேருக்கும் குறைவு. அதைவிடக் கொடுமை, மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். இந்த ஆண்டு 270 வாங்கியும் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். மூன்று முறை ஜாம்ப் எழுதியவர் என்பது அங்கே சாதாரணம், யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. முதலாண்டு மாணவருக்கு வளாகத்தில் இருக்கும் கேலிப் பெயரே 'ஜாம்பைட்'தான்.

ஜாம்ப் அறிவிக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். 2025-ல் பல்கலைக்கழகங்களுக்கு அது 400-க்கு 150. அதற்குக் கீழே எந்தப் பல்கலைக்கழகமும் இறங்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். உண்மையான கட்-ஆஃப் துறை வாரியாகப் பின்னால் வரும். அதற்குமுன் 'போஸ்ட்-யூடிஎம்இ' என்று பல்கலைக்கழகமே நடத்தும் இன்னொரு தேர்வு உண்டு. ஜாம்ப் மதிப்பெண்ணில் நம்பிக்கையில்லை என்று பல்கலைக்கழகங்கள் சொன்னதால் 2005-ல் கொண்டுவந்தது. 2016-ல் அன்றைய கல்வி அமைச்சர் அதை நிறுத்தினார், அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டது. உங்கள் விண்ணப்பதாரர் சேர்ந்தது சரியாக அந்த இடைப்பட்ட ஆண்டு. அவரிடம் போஸ்ட்-யூடிஎம்இ தாள் இல்லையே என்று தேட வேண்டாம்.

எல்லா மதிப்பெண்ணும் எப்படிக் கூட்டப்படுகின்றன என்பதற்கு லாகோஸ் பல்கலைக்கழகத்தின் முறை நல்ல எடுத்துக்காட்டு. ஜாம்ப் மதிப்பெண்ணை 8-ஆல் வகுத்தால் 50-க்கு ஒரு எண் வரும். பல்கலைக்கழகத் தேர்வு 30-க்கு. பள்ளித் தரங்கள் 20-க்கு. ஐந்து பாடத்தில் ஒவ்வொரு ஏ1-க்கும் 4.0, பி2-க்கு 3.6, பி3-க்கு 3.2, சி4-க்கு 2.8, சி5-க்கு 2.4, சி6-க்கு 2.0. ஒருவர் ஜாம்ப்பில் 268 வாங்கினால் 33.5 ஆகிறது. தேர்வில் 19. பள்ளியில் ஒரு ஏ1, ஒரு பி2, இரண்டு பி3, ஒரு சி4 என்றால் 16.8. மொத்தம் 69.3. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மருத்துவத்துக்கு இது கிட்டவே வராது, போட்டியுள்ள பொறியியல் பிரிவுகளிலும் இழுபறிதான். பள்ளித் தரத்துக்கு 20 மதிப்பெண் இருப்பதால்தான் ஏற்கெனவே ஐந்து கிரெடிட் வைத்திருப்பவர்கூட சி6-ஐ பி3 ஆக்க மறுபடி வயெக் எழுதுவார்.

இதற்குமேல் இட ஒதுக்கீடு. மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் 45 சதவீதம் திறமை அடிப்படையில். 35 சதவீதம் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மாநிலத்தாருக்கு. மீதி 20 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட மாநிலங்களுக்கு. அவற்றில் பெரும்பான்மை வடக்கே இருப்பவை. இதில் 'உன் மாநிலம் எது' என்ற கேள்விக்கு அங்கே பதில் நீ எங்கே பிறந்து வளர்ந்தாய் என்பதில்லை, உன் அப்பாவின் பூர்வீகம் எது என்பது. நம்மூர் இருப்பிடச் சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லாகோஸிலேயே பிறந்து லாகோஸிலேயே படித்த இக்போ பையனின் பூர்வீகம் இமோ மாநிலம் என்றால், லாகோஸ் பல்கலைக்கழகத்தின் சுற்றுவட்டார ஒதுக்கீடு அவனுக்குக் கிடையாது. திறமைப் பட்டியலில்தான் வர வேண்டும். அதே மதிப்பெண்ணை வைத்துப் பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே போய்விடுவான். இந்த மனக்கசப்பு அங்கே எந்தக் குடும்பத்திலும் கேட்கக் கிடைக்கும்.

இடம் கைநழுவுவதற்கு மதிப்பெண் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. பெரிய காரணம் பாடச் சேர்க்கை: மருத்துவத்துக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று எழுத வேண்டியவர் உயிரியலுக்குப் பதில் கணிதம் எழுதிவிட்டால் 320 வாங்கினாலும் பயனில்லை. அடுத்து, தேசிய அடையாள எண்ணில் இருக்கும் பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாதது. மூன்றாவது, 2017-ல் வந்த 'கேப்ஸ்' என்ற சேர்க்கைத் தளம். பள்ளித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே 'முடிவு எதிர்பார்க்கப்படுகிறது' என்று விண்ணப்பித்தவர்கள், முடிவு வந்த பின் அதை ஜாம்ப் தளத்தில் ஏற்ற மறந்துவிடுவார்கள். ஏற்றாதவரின் பெயரைக் கணினி எடுக்கவே எடுக்காது, பல்கலைக்கழகமே விரும்பினாலும் முடியாது. இடம் ஒதுக்கப்பட்ட பிறகும் தளத்தில் போய் 'ஏற்கிறேன்' என்று அழுத்த வேண்டும்.

சில ஆண்டுகளில் வாரியமே சறுக்கிவிடும். 2025 மே மாதம் முடிவுகள் வந்தபோது லாகோஸிலும் தென்கிழக்கு மாநிலங்களிலும் மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தன. விசாரித்ததில் 157 மையங்களின் சர்வர்களில் மென்பொருள் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. 3,79,997 பேருக்கு மறுதேர்வு வைத்தார்கள். வாரியப் பதிவாளர் செய்தியாளர்கள் முன்னால் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டார்.

இத்தனை நெரிசல் ஏன் என்பதற்கு வரலாறு கொஞ்சம். 1948-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கிளைக் கல்லூரியாக இபாதானில் தொடங்கியதுதான் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி. சுதந்திர ஆண்டான 1960-ல் இன்சுக்கா, 1962-ல் லாகோஸ், இஃபே, சாரியா, 1970-ல் பெனின் நகரம். இந்த ஆறையும் முதல் தலைமுறை என்பார்கள். 1975-ல் ராணுவ அரசு வட்டார அரசுகளிடமிருந்த பல்கலைக்கழகங்களை மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தது, கூடவே புதிதாகவும் ஏழு திறந்தது. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம் அது. எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்ததும் பணம் நின்றது, பேராசிரியர்கள் வெளிநாடு போனார்கள், மாணவர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1999 முதல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்று எல்லாம் சேர்த்து 250-க்கும் மேல். ஆனால் கூட்டம் போவது பழைய மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். 2025 ஆகஸ்டில் புதிய மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏழு ஆண்டுத் தடை விதித்தபோது கல்வி அமைச்சர் சொன்ன கணக்கு: ஜாம்ப் வழியாக நூறு விண்ணப்பம்கூட வராத பல்கலைக்கழகங்கள் 199, ஒன்றுகூட வராதவை 34. ஒரு பக்கம் 20 லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், இன்னொரு பக்கம் கட்டடங்கள் காலியாக இருக்கின்றன. கட்டணம்தான் காரணம். மத்திய அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குப் பெயரளவில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆய்வகம், தேர்வு, நூலகம் என்று பிற கட்டணங்கள் மட்டும். லாகோஸ் பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் செலுத்திய 19,000 நைரா 2023-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது பெரிய போராட்டமே நடந்தது. தனியாரில் அதைப்போலப் பல மடங்கு. 2024 முதல் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. கட்டணம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும், மாணவர் கைக்கு மாதம் 20,000 நைரா. உங்கள் விண்ணப்பதாரர் படித்த காலத்தில் இது இல்லை.

இப்போது முக்கியமான கேள்வி: ஐந்து ஆண்டு எப்படி ஆறு, ஏழு ஆனது?

'அசூ' என்பது பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம். இதுவும் 1978-ல் பிறந்ததுதான். உங்கள் விண்ணப்பதாரர் 2017 தொடக்கத்தில் வகுப்புக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் படிக்கும் காலத்தில் அசூ நடத்திய வேலைநிறுத்தங்கள்: 2017 ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு மாதத்துக்கும் மேல், 2018 நவம்பர் முதல் 2019 பிப்ரவரி வரை மூன்று மாதம், 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், 2022 பிப்ரவரி 14 முதல் அக்டோபர் 14 வரை எட்டு மாதம். கூட்டினால் 21 மாதம். ஐந்தாண்டோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், 2023 தானாகவே வந்து நிற்கும். ஒரு பாடத்தில்கூடத் தோற்காத மாணவருக்கும் இதே கணக்குத்தான்.

இதில் வெளிநாட்டார் தடுமாறும் இடம் ஒன்று. அங்கே கல்வியாண்டுக்குப் பெயர் வைப்பது காலண்டரைப் பார்த்து அல்ல. '2020/2021 கல்வியாண்டு' என்பது ஒரு வரிசை எண் மாதிரி. அந்தக் கல்வியாண்டின் தேர்வு 2023-ல்கூட நடக்கலாம். அதனால் டிரான்ஸ்கிரிப்டில் கடைசி ஆண்டு '2020/2021' என்றும், பட்டச் சான்றிதழில் 2023 என்றும் இருக்கும். இரண்டும் முரண்படுகின்றன என்று நிராகரித்துவிடாதீர்கள். இரண்டும் சரி.

வேலைநிறுத்தம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், 2009-ல் அரசும் சங்கமும் போட்ட ஒப்பந்தம்தான் வேர். சம்பளம், பல்கலைக்கழகங்களுக்கு நிதி, தன்னாட்சி எல்லாம் அதில் இருந்தது. 2012-ல் ஒரு குழு பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்து விடுதி, ஆய்வகம், வகுப்பறைகளின் நிலையை அறிக்கையாக எழுதியது. 2013-ல் ஐந்து மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தபின் அரசு கொடுத்த வாக்கு: முதலாண்டு 200 பில்லியன் நைரா, அதன்பின் ஐந்தாண்டுக்குத் தலா 220 பில்லியன், ஆக 1.3 டிரில்லியன். முதல் தவணைக்குப் பின் அந்த வாக்கு தேய்ந்துவிட்டது. 2020-ல் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. எல்லா அரசு ஊழியருக்கும் ஒரே மையத்திலிருந்து சம்பளம் போடும் கணினி முறைக்குள் ஆசிரியர்களையும் சேர்க்க அரசு முயன்றது. ஓய்வு விடுப்பு, வேறு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பாடம் எல்லாம் இருக்கும் தொழிலுக்கு அது ஒத்துவராது என்று அசூ மறுத்துத் தானே ஒரு மென்பொருள் எழுதிக் காட்டியது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு முழுக்கப் போனது. பல்கலைக்கழகங்களை அந்தச் சம்பள முறையிலிருந்து விடுவிக்கும் முடிவு 2023 டிசம்பரில்தான் வந்தது. 2022 வேலைநிறுத்தக் காலத்துக்கு 'வேலையில்லையேல் சம்பளமில்லை' என்று அரசு பிடித்துக்கொண்டது. பாதியை மட்டும் விடுவிக்கப் பிறகு புதிய அதிபர் ஒப்புக்கொண்டார்.

எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படி இல்லை. தனியார்ப் பல்கலைக்கழகங்களில் அசூ கிடையாது, ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டுதான். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் சில சேரும், சில சேராது. இலோரின் பல்கலைக்கழகம் தனிக் கதை. 2001-ல் வேலைநிறுத்தம் செய்த 49 ஆசிரியர்களை அங்கே நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-ல்தான் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. அதற்குப் பின்னும் பல ஆண்டு அந்த வளாகம் தேசிய வேலைநிறுத்தங்களில் கலந்துகொள்ளவில்லை. பெற்றோர்கள் அதற்காகவே இலோரினை முதல் விருப்பமாகப் போட்டார்கள். ஜாம்ப்பில் பல ஆண்டு அதிகம் பேர் கேட்ட பல்கலைக்கழகம் அதுதான். ஆகவே ஒரே ஆண்டில் சேர்ந்த இரண்டு நைஜீரியர்களின் முடித்த ஆண்டை ஒப்பிடும்போது, முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பாருங்கள்.

சிஜிபிஏ 3.62. 5-க்கு 3.62 என்றால் 20-ஆல் பெருக்கி 72.4 சதவீதம் என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். தவறு. அங்கே 70-க்கு மேல் வாங்கினாலே ஏ, அதற்கு முழு 5 புள்ளி. 60 முதல் 69 வரை பி, 4 புள்ளி. 50 முதல் 59 வரை சி, 3. 45 முதல் 49 வரை டி, 2. 40 முதல் 44 வரை இ, 1. அதற்குக் கீழே எஃப், பூஜ்யம். நம்மூர் அரியர்தான் அங்கே 'கேரி-ஓவர்'. ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட் உண்டு. ஒரு செமஸ்டரைப் போட்டுப் பார்ப்போம். மூன்று யூனிட் பாடங்களில் 62, 55, 66. இரண்டு யூனிட் பாடங்களில் 71, 48. புள்ளிகள்: 12, 9, 12, 10, 4. மொத்தம் 47, யூனிட் 13. வகுத்தால் 3.62. இதே மதிப்பெண்களுக்கு யூனிட் கணக்கில் சராசரி எடுத்தால் 60.5 சதவீதம்தான் வரும்.

அப்படியானால் 60 என்று குறைவாக நினைக்க வேண்டுமா? அதுவும் தவறு. 3.50 முதல் 4.49 வரை இரண்டாம் வகுப்பு மேல்நிலை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் அங்கே கேட்கிற தரம் இதுதான். 4.50-க்கு மேல் முதல் வகுப்பு. அது அரிது, ஒரு துறையில் ஒருவர்கூட வாங்காத ஆண்டுகள் உண்டு. 2.40 முதல் 3.49 வரை இரண்டாம் வகுப்பு கீழ்நிலை. மதிப்பெண் போடுவதில் அங்கே கை இறுக்கம், 80-ஐ யாரும் எளிதில் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் விளம்பரத்தில் '65 சதவீதத்துக்கு மேல்' என்று இருந்தால், சதவீதத்தை விட்டுவிட்டு வகுப்பைப் பாருங்கள். பழைய சான்றிதழ்களில் அளவுகோலையும் சரிபார்க்க வேண்டும். இபாதான் ஒருகாலத்தில் 7 புள்ளி அளவுகோல் வைத்திருந்தது, பாலிடெக்னிக்குகள் 4 புள்ளியில் கணக்கிடுகின்றன. பாலிடெக்னிக்கின் எச்.என்.டி. டிப்ளமோவில் 3.2 என்பது 'அப்பர் கிரெடிட்', அதைப் பல்கலைக்கழகத்தின் 3.2-ஓடு ஒப்பிட முடியாது.

டிரான்ஸ்கிரிப்டில் '400 லெவல்' என்று போட்ட நான்காம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டரில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால் அதுவும் குறையில்லை. பொறியியல் மாணவர்கள் அந்த ஆறு மாதமும் தொழிற்சாலைப் பயிற்சியில் இருப்பார்கள். 1973-லிருந்து நடக்கும் அரசுத் திட்டம் அது. தினமும் என்ன வேலை செய்தார் என்று எழுதி மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கிய பதிவேடு ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்டைவிட அதில் ஆளைத் தெரிந்துகொள்ள முடியும். ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆறு மாதம் இருந்தவருக்கும், ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வந்தவருக்கும் பதிவேட்டின் மொழியிலேயே வித்தியாசம் தெரியும்.

2023-24 இடைவெளிக்குக் காரணம் தேசிய இளைஞர் சேவை. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1973-ல் தொடங்கியது. பட்டம் பெறும்போது 30 வயதைத் தாண்டாத எல்லாப் பட்டதாரிகளும் ஓராண்டு சேவை செய்தாக வேண்டும். மூன்று வாரம் முகாம், பிறகு பெரும்பாலும் தன் சொந்த மாநிலம் அல்லாத ஒன்றில் ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை. உங்கள் விண்ணப்பதாரர் காலத்தில் மாதப்படி 33,000 நைரா, 2025-ல் 77,000 ஆக்கினார்கள். பட்டம் முடிந்த உடனே கூப்பிட மாட்டார்கள். பல்கலைக்கழக செனட் முடிவை அங்கீகரித்து, பெயர்ப் பட்டியல் அனுப்பி, அணி ஒதுக்கி அழைப்புக் கடிதம் வரச் சில மாதம் ஆகும். முடித்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இல்லாமல் அங்கே அரசு வேலை கிடையாது, ஒழுங்கான தனியார் நிறுவனமும் எடுக்காது. 30 தாண்டியவருக்கு விலக்குச் சான்றிதழ் தருவார்கள். வேலைநிறுத்தங்களால் படிப்பு இழுத்துப்போய் 30-ஐத் தாண்டியவர்கள் நிறைய. விலக்குச் சான்றிதழைப் பார்த்து 'ஏன் சேவை செய்யவில்லை' என்று முகம் சுளிக்க வேண்டாம்.

போலியைப் பற்றிக் கேட்டீர்கள். போலி உண்டு, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. 2024 தொடக்கத்தில் நைஜீரியாவே அதிர்ந்த செய்தி ஒன்று. மாறுவேடத்தில் போன பத்திரிகையாளர் ஒருவர் பக்கத்து நாடான பெனினில் ஆறே வாரத்தில் ஒரு பட்டம் வாங்கினார். அதை வைத்து நைஜீரியாவில் இளைஞர் சேவையிலும் சேர்ந்துவிட்டார். அரசு உடனே பெனின், டோகோ நாட்டுப் பட்டங்களின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. (பெனின் குடியரசு வேறு, நைஜீரியாவுக்குள் இருக்கும் பெனின் நகரமும் அதன் பல்கலைக்கழகமும் வேறு. அந்தப் பல்கலைக்கழகம் நல்ல பெயருள்ளது. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும்.) ஆக, நான்காண்டுப் படிப்பைச் சரியாக நான்காண்டில், வேலைநிறுத்த ஆண்டுகளிலும், பெயர் தெரியாத இடத்தில் முடித்த தாள்தான் கேள்விக்குரியது.

சரிபார்க்க இவற்றைக் கேளுங்கள். வயெக், நீகோ இரண்டுக்கும் தேர்வு எண்ணும் ஆண்டும். வயெக் எண் பத்து இலக்கம், முதல் ஏழு மையத்துக்கு, கடைசி மூன்று மாணவருக்கு. விண்ணப்பதாரரே முடிவைப் பார்ப்பதற்கான ரகசிய எண்ணை (PIN) வாங்கிக் கொடுத்தால் இணையத்தில் நீங்களே முடிவைப் பார்க்கலாம். ஜாம்ப் சேர்க்கைக் கடிதம். இது இல்லாதவர் ஜாம்ப்புக்குத் தெரியாமல் பின்வாசலில் சேர்க்கப்பட்டவராக இருக்கலாம், அவருக்கு இளைஞர் சேவை அழைப்பே வந்திருக்காது. இளைஞர் சேவைச் சான்றிதழின் எண். படித்த அந்தக் குறிப்பிட்ட துறைக்கு அந்த ஆண்டுகளில் தேசியப் பல்கலைக்கழக ஆணையத்தின் அங்கீகாரம் இருந்ததா என்பதும் முக்கியம். முழு அங்கீகாரம் ஐந்தாண்டு, இடைக்கால அங்கீகாரம் இரண்டாண்டு. நல்ல பல்கலைக்கழகத்திலும் ஒரு துறைக்கு மட்டும் அங்கீகாரம் மறுக்கப்பட்டிருக்கலாம். பொறியியலுக்கு நைஜீரியப் பொறியியல் ஒழுங்குமுறை மன்றத்தின் அங்கீகாரமும் வேண்டும்.

பெயர் மாற்றத்தையும் கவனியுங்கள். இஃபே பல்கலைக்கழகம் 1987 முதல் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகம். 2025-ல் மைதுகுரிப் பல்கலைக்கழகத்துக்கு மறைந்த முன்னாள் அதிபர் முகம்மது புகாரியின் பெயரை அறிவித்தார்கள். சான்றிதழில் ஒரு பெயரும் இணையத்தில் இன்னொன்றும் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அசல் பட்டச் சான்றிதழ் கையில் இல்லை, 'முடிவு அறிவிப்பு' என்ற ஒரு பக்கக் கடிதம்தான் இருக்கிறது என்று அவர் சொன்னால் நம்பலாம். நம்மூர் புரொவிஷனல் மாதிரி அது. பட்டமளிப்பு விழா முடிந்து, துறை, நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அசல் வரும். டிரான்ஸ்கிரிப்டை மட்டும் அவர் கையிலிருந்து வாங்காதீர்கள், பல்கலைக்கழகம் நேராக உங்கள் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பல வாரம் ஆகும், சில இடங்களில் மாதக்கணக்கு. ஆசிரியர்கள் வேலையில் இருந்தாலும் அலுவலக ஊழியர் சங்கங்கள் தனியாக வேலைநிறுத்தம் செய்வதுண்டு, அப்போது பதிவாளர் அலுவலகக் கதவே திறக்காது. நேர்காணலை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ட் வந்தபின் உறுதியாகும் என்று எழுதி நியமன ஆணை கொடுத்துவிடுங்கள்.